ஃபோர்த்: ஒரு சரம், இரண்டு பெயர்

காமர்ஸ் படிப்பவனுக்குக் கணினி மொழியில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். பேரேட்டில் 500 என்ற எண்ணை மட்டும் பார்த்தால் அது சொத்தா, கடனா என்று தெரியாது. கணக்கின் தலைப்பைப் பார்க்க வேண்டும். ஃபோர்த்திலும் இதே கதைதான்.

சார்லஸ் மூர் 1970 வாக்கில் உருவாக்கிய மொழி இது. தட்டின் மேல் தட்டு வைப்பதுபோல எண்களை அடுக்குகிறோம். ஒவ்வொரு கட்டளையும் மேலே இருப்பதை எடுத்துக்கொள்ளும். எடுத்த எண் விலையா, முகவரியா, நீளமா என்று மொழி பார்ப்பதில்லை.

சரத்தில், அதாவது ஸ்ட்ரிங்கில், சிக்கல் தொடங்குகிறது. பழைய முறையில் முதல் பைட்டிலேயே நீளம் இருக்கும். அடுக்கில் ஒரு முகவரி போதும். ஆனால் நீளம் 255ஐத் தாண்டாது. இன்னொரு முறையில் முகவரி, நீளம் என இரண்டு எண்கள். 1994ல் வந்த அன்சி தரம் இதைத்தான் ஊக்குவித்தது.

சி எழுத்தோடு மேற்கோள் குறி சேர்ந்தால் முதல் வகை. எஸ்ஸோடு சேர்ந்தால் இரண்டாம் வகை. வித்தியாசம் ஒரே எழுத்து! அச்சிடும் 'டைப்' இரண்டு எண் கேட்கும். அதனிடம் முதல் வகையை நேராகக் கொடுத்தால், முகவரியையே நீளமாக எடுத்துக்கொண்டு, அடியில் கிடப்பதை முகவரி என்று நம்பிவிடும். நடுவில் 'கவுண்ட்' போட வேண்டும். பெயர்தான் கவுண்ட், எதையும் எண்ணாது. முதல் பைட்டைப் படித்து முகவரி, நீளம் என்று பிரித்துத் தரும், அவ்வளவே.

நல்ல பெயர்களும் உண்டு. மேற்கோள் குறியில் முடியும் கட்டளை என்றால், அடுத்த மேற்கோள் குறி வரை உள்ளதை அது எடுத்துக்கொள்ளும் என்று பார்த்தவுடனே புரியும்.

இதனால்தான் கட்டளையை வரையறுக்கும்போது பக்கத்திலேயே 'சி-ஏடிடிஆர், யு' என்று குறிப்பு எழுதும் வழக்கம் வந்தது. எழுத்தின் முகவரி, நீளம் என்று பொருள். கம்பைலர் இதைப் படிக்காது. படிக்கப்போகிற மனிதருக்காக எழுதுவது. இங்கேயும் நமக்கு ஒரு பொடி உண்டு. யூடிஎஃப்-8ல் 'வணக்கம்' கண்ணுக்கு ஐந்து எழுத்து. ஜிஃபோர்த் சொல்லும் நீளம் 21. அது எண்ணுவது பைட்டை. நீண்ட எழுத்துகளுக்கென்று எக்ஸ் என்று தொடங்கும் தனிப் பெயர்களை 2012 தரம் சேர்த்தது.

என்னைக் கேட்டால், புதிதாக எழுதுபவர்கள் இரண்டு எண் முறையையே பிடித்துக்கொள்ளலாம். பழைய வகையைத் தொடும் கட்டளைகளுக்கு மட்டும் பெயரிலேயே ஓர் அடையாளம் வைக்கலாம். பேரேட்டில் தலைப்பு மாறினால் ஆடிட்டர் பிடித்துவிடுவார். ஃபோர்த்தில் ஆடிட்டரும் நாமேதான்.