எர்த் வயர்

'கம்ப்ளைன்ட் பண்ற ஓனருக்கு வண்டியைப் பத்தி என்ன தெரியும்?' என்று சிரித்தவன் நான். அந்தச் சிரிப்பு நின்ற கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

அவனியாபுரத்தில் எங்கள் தெரு முனையில் ஒரு ஒர்க்‌ஷாப். லீவு நாட்களில் வேலை பழக அங்கே போவேன். ஏர்போர்ட் சவாரி ஓட்டும் ஒரு அண்ணன், கடனில் வாங்கிய தன் எஸ்.யூ.வி.யை இரண்டு மாதத்தில் நான்காவது முறையாகக் கொண்டு வந்தார். செல்ஃப் சரியாக எடுக்காது. மீட்டரில் எச்சரிக்கை விளக்குகள் எரியும், தானாக அணையும். பேட்டரி மாற்றியாயிற்று, செல்ஃப் மோட்டாரும் மாற்றியாயிற்று.

"தம்பி, ஆஃப் பண்ணும்போது வண்டி ஒரு குலுக்கு குலுக்குதுப்பா. அது ஆரம்பிச்ச பிறகுதான் இந்த லைட்டு சேட்டையெல்லாம்" என்றார்.

"அது மெக்கானிக்கல்ணே, இது எலக்ட்ரிக்கல். ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல" என்றேன். எங்கள் வீட்டிலேயே முதன்முதலாகப் படிக்க வந்தவன் என்ற திமிர்! மேஸ்திரி வெளியே போயிருந்தார். ஸ்கேனரில் ஃபால்ட் கோடுகளை அழித்து, பேட்டரி முனைகளைத் துடைத்து அனுப்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் இரவு, ரிங் ரோட்டில் ஹெட்லைட் மங்கி, என்ஜினும் நின்றுவிட்டது. உள்ளே கைக்குழந்தையோடு ஒரு குடும்பம். பின்னால் வந்த லாரிக்காரர் கடைசி நொடியில் ஒடித்ததால் தப்பினார்கள். மறுநாள் அந்த அண்ணன் என்னைத் திட்டவில்லை. "நான் சொன்னதைக் கொஞ்சம் காதுல வாங்கியிருக்கலாம்ல தம்பி" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

மேஸ்திரி வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். என்ஜின் மவுண்ட் ரப்பர் கிழிந்திருந்தது. என்ஜின் குலுங்கிக் குலுங்கி, என்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டை இழை இழையாக அறுந்து, நாலைந்து இழையில் தொங்கியது. ஆல்டர்னேட்டர் சார்ஜும் அந்த வழியாகத்தான் திரும்ப வேண்டும். மல்டிமீட்டரில் கன்டினியூட்டி பார்த்தால் 'பீப்' என்று நல்லபடியாகவே சொல்லும். மீட்டர் அனுப்பும் கரண்ட் அவ்வளவு சிறியது. செல்ஃப் மோட்டார் 150 ஆம்பியர் இழுக்கும்போது, வெறும் 0.01 ஓம் தடை இருந்தாலும் 1.5 வோல்ட் அங்கேயே போய்விடும். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய அதே ஓம் விதி! லோடு கொடுத்து வோல்டேஜ் டிராப் பார்த்திருந்தால் அன்றே பிடிபட்டிருக்கும்.

இது பெரிய கம்பெனிகளுக்கும் நேர்வதுதான். 2023 ஆகஸ்டில் மஹிந்திரா நிறுவனம் 1,08,306 எக்ஸ்.யூ.வி.700 வண்டிகளைப் பரிசோதனைக்கு அழைத்தது. காரணம், என்ஜின் அறையில் போகும் வயரிங் உராய்ந்து அறுபடக்கூடும் என்பதே. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டமும், குறிப்பிட்ட சதவீத உரிமையாளர்கள் ஒரே குறையைத் தெரிவித்தால் அந்த வண்டிகளைத் திரும்பப் பெறும்படி அரசு உத்தரவிடலாம் என்கிறது. ஓனர் சொல்லும் வார்த்தைக்குச் சட்டமே மதிப்புக் கொடுக்கிறது, நான் கொடுக்கவில்லை.

மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் என்று பிரிவு நமக்குத்தான், வண்டிக்கு இல்லை. அந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னவர் பாலிடெக்னிக் வாசலையே மிதிக்காதவர். நாளை நாம் வேலைக்குப் போவோம். ஒரே குறை திரும்பத் திரும்ப வந்தால், பார்ட்ஸை மாற்றியிருக்கிறோம், காரணத்தை மாற்றவில்லை என்று பொருள். அப்போது ஸ்கேனரை எடுக்கும் முன், "எப்போ இருந்துண்ணே இப்படி?" என்று கேட்போம். கேட்டுவிட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டு இருப்போம்.