லயம்

‘லைன்’ என்ற ஆங்கிலச் சொல்லின் மூலம் நூல்தான். லத்தீன் மொழியில் ஆளிச் செடிக்கு ‘லீனும்’ என்று பெயர். அதன் நாரில் திரித்த நூல் ‘லீனியா’. நூல் கோடாயிற்று, கோடு வரிசையாயிற்று. வெள்ளையர் பட்டாளத்துக்கு வரிசையாக எழுப்பிய குடியிருப்பும் ‘லைன்’ என்றே வழங்கியது. தமிழகத்தில் ‘போலீஸ் லைன்’ இன்றும் உண்டு.

கண்டிச் சீமைக்கு அச்சொல் கோப்பித் தோட்டங்களோடு வந்தது. 1867இல் ஹேவாஹெட்டைப் பக்கம் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். ரயிலும் அதே ஆண்டில்தான் கண்டியை எட்டிற்று. கோப்பி நோயில் அழிந்தது, தேயிலை தழைத்தது. லைன் மட்டும் நின்றது. எம்மவர் நாவில் அது ‘லயம்’ ஆயிற்று. பத்தடிக்குப் பன்னிரண்டடியில் ஒரு காம்பரா, முன்னால் ஓர் இஸ்தோப்பு. பேறும் சாவும் கல்யாணமும் அதற்குள்ளேயே. (சங்கீதம் கற்றவர் லயம் என்றால் வேறொன்றை நினைப்பார், அது அவர் பாக்கியம்.) கண்டி நகரத்தில் டெலிபோனுக்கும் பஸ்ஸுக்கும் உள்ளது ‘லைன்’, மலையில் மனிதர் வாழ்வது லயம்.

வரிசைக்குத் தமிழில் சொல் இல்லையா? தேயிலைச் செடிகளின் வரிசையைத் தோட்டத்து மக்கள் ‘நிரை’ என்கிறார்கள். காலையில் நிரை பிடித்துத்தான் கொழுந்தெடுக்கிறார்கள். செடிக்குப் பழந்தமிழ்ச் சொல், மனிதனுக்கு அந்நியச் சொல்! ஆனால் இதில் அவர்கள் பிழை ஏது? நிரை அவர்கள் உழைப்பு; லயம் துரை கட்டியது. துரை கட்டியதற்குத் துரையின் சொல்லே நிலைத்தது.

சொல்லாவது ‘ம்’ என்ற ஈறு பெற்றுத் தமிழாகிவிட்டது. லயத்தில் பிறந்தவர்களையோ 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் இந்தியாவுக்கு 525,000 பேர், இலங்கைக்கு 300,000 பேர் என்று அவர்களைப் பங்கிட்டது. எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. தனிவீடுகள் சில இப்போது எழுந்துள்ளன; பலருக்கு இன்னும் லயமே வீடு.

சென்ற ஆண்டு தோட்டத்து மாணவி ஒருத்தி உத்தியோக விண்ணப்பமொன்றை நிரப்ப உதவி கேட்டு என்னிடம் வந்தாள். வீட்டு இலக்கம் என்ற கட்டத்தில் அவள் பேனா நின்றது.

“லயத்து நம்பரா, காம்பரா நம்பரா சேர்?”

“தபால் எங்கே வரும்?”

“தோட்டத்து ஆபீசுக்கு. யாராவது கொண்டாந்தாத்தான் சேர். போன தடவ இன்டர்வியூ கடிதம் தேதி முடிஞ்ச பிறகுதான் கெடச்சிச்சு.”

கண்டியில் கடைச் சிப்பந்தியாக இருக்கும் அவள் மாமாவின் முகவரியை அந்தக் கட்டத்தில் எழுதினோம்.