கழிவுநீர்ப் பிரதானக் குழாய் உடைப்பும் சீரமைப்பும்

கழிவுநீர்ப் பிரதானக் குழாய்கள் இரு வகைப்படும். சரிவின் போக்கில் நீரை ஓடவிடும் சரிவுக்குழாய்கள் ஒருவகை. பம்பின் அழுத்தத்தால் தள்ளிச்செல்லும் உந்துகுழாய்கள் மறுவகை. சென்னை சமதரை நகரம் என்பதால் சரிவு மட்டும் போதாது. தெருக்களின் கழிவுநீர் ஆங்காங்கே கழிவுநீரேற்று நிலையங்களில் சேர்ந்து, அங்கிருந்து கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி சுத்திகரிப்பு நிலையங்களுக்கு ஏற்றப்படுகிறது. இந்த வலையமைப்பு, 1978-இல் அமைந்த சென்னைப் பெருநகர் குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீரகற்று வாரியத்தின் பொறுப்பில் உள்ளது.

கான்கிரீட் குழாய் பெரும்பாலும் மேற்புறத்தில்தான் பழுதாகிறது. கழிவிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு ஈரமான மேல்வளைவில் படிய, பாக்டீரியா அதைக் கந்தக அமிலமாக மாற்றுகிறது. அமிலம் கான்கிரீட்டை அரிக்கிறது. வார்ப்பிரும்புக் குழாயில் துருவும் மூட்டு விலகலும் முக்கியக் காரணங்கள். வேறு பணிக்குத் தோண்டும் பொக்லைன் பட்டு உடைவதும் உண்டு.

உந்துகுழாய் உடைந்தால் கழிவுநீர் சாலையில் பொங்கி வழியும். சரிவுக்குழாய் உடைந்தால் வெளியே உடனே தெரியாது. விரிசல் வழியாக மண் குழாய்க்குள் கரைந்து போகப்போக, சாலைக்கு அடியில் வெற்றிடம் பெருகும். ஒருநாள் கனரக வண்டியின் பாரம் தாங்காமல் சாலை உள்வாங்கும்.

உடைந்த இடத்தைத் தடுப்புகளால் அடைத்ததும், முதல் வேலை அங்கே நீர் வராமல் செய்வதே. உந்துகுழாய் என்றால் பம்பை நிறுத்த வேண்டும். பம்பு நின்றாலும் வீடுகளிலிருந்து வரும் நீர் நிற்காது. கழிவுநீரேற்று நிலையத்தின் சேகரிப்புக் கிணறு நிரம்பிக்கொண்டே இருக்கும். அந்த நீரை வேறு நிலையத்தின் குழாய்க்குத் திருப்புவார்கள், அல்லது டேங்கர் லாரிகளில் அள்ளுவார்கள். சரிவுக்குழாய் என்றால் மேல்பக்கத்து மேன்ஹோலில் காற்றடைத்த ரப்பர் அடைப்பானை வைத்து, மோட்டாரும் ஹோஸும் கொண்டு கீழ்ப்பக்கத்து மேன்ஹோலுக்கு நீரைக் கடத்துவார்கள். காலையில் வரத்து உச்சத்தில் இருக்கும். நள்ளிரவுக்குப் பின் குறையும். குழாயை வெட்டி மாற்றும் வேலைக்கு அந்த நேரமே ஏற்றது.

அடுத்தது தோண்டுதல். மேல்மண்ணைப் பொக்லைன் எடுத்தாலும், மின்கேபிளும் குடிநீர்க் குழாயும் உள்ள ஆழத்தில் கடப்பாரையும் மண்வெட்டியுமே கைகொடுக்கும். கடலோர மணற்பாங்கில் ஊற்றுநீர் சுரந்து பள்ளத்தின் பக்கங்கள் சரியும். எனவே நீரை இடைவிடாமல் இறைப்பதோடு, இரும்புத் தகடுகளை இறக்கிக் குறுக்கே முட்டுக் கொடுக்க வேண்டும். அருகில் குடிநீர்க் குழாய் ஓடினால் கழிவு கலக்கவில்லை என்று உறுதியாகும்வரை விநியோகத்தையும் நிறுத்த வேண்டும்.

சிறு விரிசலுக்கு இரும்புப் பட்டை இறுக்கினால் போதும். பெரிய உடைப்பில், பழுதான துண்டை வெட்டியெடுத்துப் புதுக்குழாயை இணைப்பான்களால் பொருத்துவார்கள். சரிவுக்குழாயில் மட்டம் பிசகினால் அங்கே மண் தேங்கி மறுபடியும் அடைக்கும். அதனால் படுகையை இறுக்கி மட்டம் பார்த்த பிறகே குழாயை வைப்பார்கள். உந்துகுழாயில் பம்பை மெதுவாக இயக்கி, மூட்டு கசியவில்லை என்று கண்ட பின்னரே பள்ளத்தை மூட வேண்டும். மண்ணை அடுக்கடுக்காகக் கொட்டி இறுக்காவிட்டால் புதுச்சாலையும் அமுங்கும்.

இந்த வேலையில் பம்பு இயக்குபவர், ஃபிட்டர், வெல்டர், நீரைப் பீய்ச்சி அடைப்பு நீக்கும் ஜெட்ராடிங் வண்டியின் ஓட்டுநர், தோண்டும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் எனப் பலர் ஒருங்கிணைகிறார்கள். பள்ளச் சரிவைவிடவும் இவர்களுக்குப் பெரிய ஆபத்து வாயு. ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றைவிடக் கனமானது. பள்ளத்தின் அடியில் தங்கும். குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றமடிக்கும். அளவு கூடினால் மூக்கு உணர்விழக்கும். ஆகவே நாற்றம் இல்லாததைப் பாதுகாப்பின் அடையாளமாகக் கொள்ளக் கூடாது. வாயுமானியில் அளந்து, ஊதுவிசிறியால் காற்றைச் செலுத்திய பிறகே எவரும் இறங்கலாம்.

பாதுகாப்புச் சாதனமின்றி ஆட்களைக் கழிவுநீர்க் குழாயில் இறக்கிச் சுத்தம் செய்வதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. கழிவுநீர்க் குழாயில் இறப்பவரின் குடும்பத்துக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023-இல் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. அவசரப் பணி என்பது இந்த விதிகளைத் தளர்த்துவதற்குக் காரணம் ஆகாது.