கைக்கு அகப்பட்டவை

புள்ளியியல் வாத்தியார் என்று சொன்னவுடன் எதிரில் இருப்பவர் முகத்தில் ஒரு சலிப்பு தெரியும். கிரிக்கெட் சராசரி, தேர்தல் கணிப்பு என்று ஏதாவது சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். முப்பது வருஷமாக இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். அலுக்கவில்லை. அதற்குத் தூத்துக்குடியைத்தான் காரணம் சொல்ல வேண்டும்.

மாதிரி எடுத்தல் பற்றிய முதல் வகுப்பை முத்துச் சலாபத்தில்தான் தொடங்குவேன். மன்னார் வளைகுடாவில் சலாபம் நடத்தலாமா என்று தீர்மானிக்க, சர்க்கார் முதலில் பாரிலிருந்து சில ஆயிரம் சிப்பிகளை எடுத்துவரச் சொல்லும். அவற்றை அழுகவிட்டு, கழுவி, அகப்பட்ட முத்துக்களைச் சல்லடையில் தரம் பிரித்து மதிப்புப் போடுவார்கள். ஆயிரம் சிப்பிக்கு இத்தனை ரூபாய் என்று ஓர் எண் வரும். கடலடியில் கிடக்கும் லட்சக்கணக்கான சிப்பிகளுக்காக அந்த எண் பேசும். சலாபம் தொடங்கியதும் சிப்பிகளைத் திறக்காமலே ஏலம் விடுவார்கள். எங்கள் துறைக்குப் பெயர் வைக்கப்படும் முன்பே இந்தக் கரையில் அது நடந்துகொண்டிருந்தது.

சிப்பியைத் திறந்தால்தான் உள்ளே இருப்பது தெரியும். திறந்தால் சிப்பி செத்துப்போகும். ஆகவே சிலவற்றைக் கொன்று மற்றவற்றைப் பற்றிப் பேசுகிறோம். அந்தப் பேச்சில் எவ்வளவு பிழை இருக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் இந்தத் துறையின் நாணயம். இந்த இடத்தில் வகுப்பு அமைதியாகிவிடும். எனக்கும் திருப்தியாக இருக்கும்.

பத்து வருஷம் இப்படியே போயிற்று. பிறகு ஒரு நாள், கடற்கரை ஊரிலிருந்து வந்த ஒரு மாணவி எழுந்தாள். அதுவரை வாய் திறக்காதவள்.

“குளிகாரங்க கைக்கு அகப்பட்டதத்தான ஸார் எடுப்பாங்க? பெருசுதான மொதல்ல தட்டுப்படும்? எங்க தாத்தா சங்கு குளிச்சவரு. சின்னத விட்டுட்டு வந்துருவாரு.”

மேற்கொண்டு அவள் எதுவும் சொல்லவில்லை. நானும் அன்று மேற்கொண்டு பாடம் நடத்தவில்லை.

பெரியது அகப்படும் வாய்ப்பு அதிகமென்றால், அகப்பட்டவற்றின் சராசரி உண்மையான சராசரியைவிட உயர்ந்துதான் நிற்கும். 1934இல் ஃபிஷர் இந்தப் பிரச்னையைத் தொட்டார், 1965இல் ஸி. ஆர். ராவ் அதற்குப் பொதுவான வடிவம் கொடுத்தார். இரண்டையும் படித்திருந்தேன், பாடமாகவும் நடத்தியிருந்தேன். சலாபத்தோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றியதில்லை. அடுத்த நாலு வருஷம் அந்தக் கேள்விதான் என் ஆராய்ச்சி. தூத்துக்குடியில் சலாபம் 1961ஓடு நின்றுவிட்டது. சிப்பிக்குப் போக வழியில்லை. விசைப்படகுகள் கரை திரும்பும் இரவுகளில் மீன்பிடித் துறைமுகத்தில் நின்று மீன்களின் நீளத்தை அளந்தேன். வலைக்கண்ணும் ஒரு குளிகாரன்தான். சிறியதை விட்டுவிடும். வகுப்பும் ஆராய்ச்சியும் வேறு வேறு என்று நினைத்துக்கொண்டிருந்தது அந்த இரவுகளில் போய்விட்டது.

ராவ் தம் மாணவர்களிடமே கணக்கு எடுத்தவர். ஒவ்வொருவனும் தன்னையும் சேர்த்து வீட்டில் ஆண்கள் எத்தனை, பெண்கள் எத்தனை என்று சொல்ல வேண்டும். கூட்டினால் ஆண்களே அதிகம். பையனே பிறக்காத வீட்டிலிருந்து அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல யாரும் வந்திருக்க முடியாதல்லவா? நானும் என் வகுப்பில் கேட்டேன். அவள் முறை வந்தது.

“நாங்க நாலு பேரு ஸார். படிக்க வந்தது நான் மட்டும்.”

முதல் வாக்கியத்தைக் கட்டத்தில் எழுதிக்கொண்டேன். இரண்டாவதற்கு என்னிடம் கட்டம் இல்லை.

இந்தக் கரைப் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள் என்று போகிற இடமெல்லாம் சொல்லிவந்திருக்கிறேன். என் முன்னால் உட்கார்ந்தவர்களை வைத்துச் சொன்னது அது. அவர்கள் என் கைக்கு அகப்பட்டவர்கள். நான் பிரியம் வைத்ததும் அவர்கள் மேல்தான். அகப்படாதவர்களைப் பற்றி எனக்கு எந்த மதிப்பீடும் இல்லை. பிழை எவ்வளவு என்றும் சொல்ல முடியாது.

2023இல் ராவ் தமது 102வது வயதில் இறந்த செய்தி வந்தபோது அந்தப் பழைய தாள்களை எடுத்துப் பார்த்தேன். இப்போதும் முதல் வகுப்பைச் சலாபத்தில்தான் தொடங்குகிறேன். கூடப் பிறந்தவர்கள் எத்தனை என்று கேட்டுவிட்டு, அதில் படிக்க வராதவர்கள் எத்தனை என்றும் கேட்கிறேன். கட்டம் ஒன்று கூடியிருக்கிறது. கட்டுரையாக இன்னும் எழுதவில்லை.