மலைநாட்டில் ஒரு கடல் விருந்து

அலையோசை எட்டாத ஊர் பல்லேபொல. மாத்தளை மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூருக்கு, நோன்பு மாதமொன்றில், இஸ்லாமிய நண்பர் ஒருவரின் அழைப்பை ஏற்றுச் சென்றிருந்தோம். மாலையில் நோன்பு திறந்ததும் எம்முன் வைக்கப்பெற்றது கடற்பாசி! பாலும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சித் தட்டிலே உறையவைத்த இனிய பண்டம் அது.

இதற்குரிய பசையைத் தருபவை கடலில் வளரும் செம்பாசிகள். அவற்றுள் ஒன்றான கஞ்சிப்பாசி, கற்பிட்டிப் பக்கத்துக் கடலிலும் இராமேசுவரக் கரையிலும் விளைவது. ‘இலங்கைப் பாசி’ என்னும் பெயரால், நோயாளருக்கு ஏற்ற உணவாக, 1868ஆம் ஆண்டின் இந்திய மருந்து நூலிலும் அது இடம்பெற்றது. கொதிநீரில் கரையும் இப்பசை, 40 பாகை வெப்பத்தை ஒட்டி உறையத் தொடங்குவதால், பனிக்கட்டியும் வேண்டுவதில்லை.

உண்டு முடிந்தபின், நண்பரின் வயது முதிர்ந்த அன்னையார், மலச்சிக்கலுக்கென்று கடற்பாசித் தூளை ஒரு கரண்டி அள்ளி, அப்படியே வாயிலிட முனைந்தார். பதறித் தடுத்தோம். உலர்ந்த தூள் ஈரத்தை உறிஞ்சிப் பருத்துத் தொண்டையையோ குடலையோ அடைத்துவிடக்கூடும். நன்கு காய்ச்சிக் கரைத்து, போதிய நீருடன் உண்பதே முறை.

கரையில் கண்ட பாசியைப் பறித்துண்பதும் ஆகாது. பசிபிக் தீவாகிய குவாமில், 1991ஆம் ஆண்டு, செம்பாசி உண்டு நோயுற்ற பதின்மூவருள் மூவர் மாண்டனர். பாசிகளில் அயடீன் இருப்பதால், தைராய்டு நோயுடையோர் வைத்தியரைக் கேட்டு உண்ணுதல் நன்று.

“சரி மகன், காய்ச்சியே குடிக்கிறேன்” என்று முறுவலித்தார் அன்னையார். விருந்தின் சுவையினும் அச்சொல்லே எமக்கு இனித்தது.