கோழியும் வெள்ளாடும்

கோழி தான் பெற்ற நோயெதிர்ப்பு வன்மையைக் குஞ்சுக்கு முட்டை வழியாகவே ஈகின்றது. டெட்டனஸ் நஞ்சைத் தாங்கப் பழகிய கோழியின் மஞ்சட்கரு சுண்டெலிகளையும் அந்நஞ்சினின்று காத்தலை 1893-இல் பெலிக்ஸ் கிளெம்பரர் என்னும் ஜெர்மானிய மருத்துவர் காட்டினார். காப்பது எதிர்ப்பொருள் என்னும் புரதம். பாலுண்ணிகளின் எதிர்ப்பொருளினின்று இது வேறாகலின், 1969-இல் லெஸ்லி, கிளெம் என்போர் இதனை ஐ.ஜி.ஒய். என வழங்கினர்.

முயலின் எதிர்ப்பொருள் வேண்டின் அதன் குருதியை வடித்தல் வேண்டும். கோழிக்கோ முட்டையே போதும்; ஒரு முட்டையில் 50 முதல் 100 மில்லிகிராம் வரை உண்டு. ஆதலின் 1996-இல் ஐரோப்பிய அறிஞர் குழு ஒன்று, விலங்குகளின் துன்பங் குறையுமாறு இம்முறையைக் கைக்கொள்ளப் பரிந்துரைத்தது. யாமும் இதனைப் படித்து மகிழ்ந்தோம்.

மகிழ்ச்சி நெடிது நிற்கவில்லை. மூளையின் மெல்லிய சீவலொன்றில் ஒரு புரதம் இருக்குமிடத்தை அறிய, அதனைப் பற்றும் கோழி எதிர்ப்பொருளை அதன்மேல் இடுவர். அது சென்று பற்றும். பற்றியது கண்ணுக்குப் புலனாகாது. எனவே, கோழி எதிர்ப்பொருளையே பற்றும் இரண்டாம் எதிர்ப்பொருளில், ஒளிரும் சாயமேனும் நிறந் தோற்றுவிக்கும் நொதியேனும் பிணைத்து, அதனை இடுவர். ஒன்றன்மேல் பல அமர்தலின் ஒளி பெருகும். முயலுக்கென ஆக்கியது கோழியினதைப் பற்றாது. கோழிக்கென ஆக்கியதே வேண்டும். எதிர்ப்பொருளோடு ஒளிரும் சாயத்தைப் பிணைக்கும் வழியை 1941-இல் அமெரிக்காவில் ஆல்பெர்ட் கூன்ஸ் என்பவரும் அவர்தம் துணைவரும் வெளியிட்டனர்.

அவ்விரண்டாவது எங்கிருந்து வருகின்றது? பெரும்பாலும் வெள்ளாட்டினின்று! கோழியின் எதிர்ப்பொருளை ஆட்டுக்கு ஊசிவழிச் செலுத்துவர். ஆட்டின் உடல் அதனை அயற்பொருளெனக் கண்டு எதிர்ப்பொருள் ஆக்கும். பின்னர் அதன் கழுத்து நரம்பினின்று குருதி எடுப்பர். கோழி தப்பியது, ஆடு அகப்பட்டது. (பிறர் பாவத்தைச் சுமந்து வனாந்தரம் புகுந்த வெள்ளாட்டுக்கடா லேவியராகமத்தில் உண்டென்பதை வேதம் வாசிப்போர் அறிவர்.)

உயிர்நூல் பயிலும் எம் நண்பர் இதற்கு நகைத்தார். ஓராட்டின் குருதி எண்ணிறந்த சோதனைகளுக்கு உதவும். அதன்பொருட்டு ஆடு சாகவேண்டுவதில்லை என்றார். அஃது உண்மையே. எனினும், ஆடுகளையும் முயல்களையும் வளர்த்து எதிர்ப்பொருள் விற்ற அமெரிக்க நிறுவனம் ஒன்று, அவ்விலங்குகளைப் பேணாது விட்டதென அரசாங்கம் தொடுத்த வழக்கில், குற்றத்தை ஒப்பாமலே 35 இலட்சம் டாலர் செலுத்த 2016-இல் இசைந்தது. கோழிக்குக் காட்டிய தயவைக் கணக்கிடுவோர் ஆட்டின் குருதியையும் அக்கணக்கில் எழுதுக என்பதே யாம் வேண்டுவது. நண்பர் இதற்கு விடை கூறிற்றிலர்.

சில நாள் கழித்து அவரே ஒரு செய்தி கொணர்ந்தார். 2018-இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரத்து ஆய்வாளர், சுண்டெலி, முயல் ஆகியவற்றின் எதிர்ப்பொருள்களைப் பற்றும் சிறு புரதங்களை அல்பாக்கா என்னும் ஒட்டகக் கிளை விலங்கினின்று பெற்று, பின் அவற்றைப் பாக்டீரியாவிலேயே விளைவித்துக் காட்டினராம். அவ்வாறாயின் அல்பாக்காவிடம் மீண்டும் மீண்டும் செல்லவேண்டுவதில்லை. “கோழிக்கும் இவ்வாறு செய்தற்கு என்ன தடை?” என வினவினோம். அவர் தம் பேராசிரியரைக் காணச் சென்றுள்ளார்.