கை பொறுக்கும் சூடு

பிட்ஸ்பர்க் நகரையடுத்த பென் ஹில்ஸ் குன்றின்மீது 1977 ஆம் ஆண்டு முதல் சேவை சாதித்தருளும் வேங்கடவனைத் தரிசிக்க வேண்டும் என்பது அந்த அம்மையாரின் நெடுநாள் பிரார்த்தனை. மகன் குடியிருப்பதோ டெக்சாஸ் மாநிலத்தில், பியர்லேண்ட் மீனாட்சியம்மன் கோயிலுக்கு அருகில். அங்கிருந்து பிட்ஸ்பர்க் 2,000 கிலோமீட்டருக்கும் மேல். விமானத்தில் சென்றால் அரை நாளில் சேர்ந்துவிடலாம். ஆயினும் யாத்திரைக் காலத்தில் தம் கையால் சமைத்து நிவேதித்ததையன்றி வேறொன்றும் உண்பதில்லை என்னும் நியமத்தை நாற்பது ஆண்டுகளாகக் காத்து வருபவர் அவர். விமான நிலையத்து ரொட்டிக்காக அதைக் கைவிடச் சொல்ல மகனுக்கு மனம் வரவில்லை.

ஆகவே காரின் பின்னே இழுத்துச் செல்லும் பழைய கேம்பர் வண்டியொன்றை மகன் வாங்கினார். அடுப்பு, குளிர்பெட்டி, இரண்டு கட்டில், குளியலறை, கூரையின்மேல் ஏசி என யாவும் அமைந்த சிறு வீடு அது. அம்மையார் முதல் வேலையாக அதன் கிழக்குப் பக்கத்து அலமாரியைத் துடைத்துப் பெருமாள் படத்தை எழுந்தருளச் செய்தார். புறப்பட இரண்டு நாட்கள் இருந்தன. பாலும் தயிரும் வைக்குமுன் குளிர்பெட்டியைக் குளிர வைக்க வேண்டும். பாட்டரிக்கு மின்னேற்ற வேண்டும். வழிப்பயணம் பழகுவதற்காகப் பெரியவர்கள் இருவரும் அவ்விரண்டு இரவுகளும் கேம்பரிலேயே உறங்குவதென்றும் முடிவாயிற்று. ஜூன் மாதத்து ஹூஸ்டன் வெப்பம் நள்ளிரவிலும் தணிவதில்லை. அம்மையாருக்கோ இளைப்பு நோய் உண்டு. ஏசி இல்லாமல் அவரால் அங்கே படுக்க இயலாது.

மகன் கராஜிலிருந்த ஆரஞ்சு நிற எக்ஸ்டென்ஷன் ஒயர் ஒன்றை எடுத்து இணைத்தார். தீபாவளிக்கு வாசலில் சீரியல் விளக்குப் போடுவதற்காக வாங்கியது. 100 அடி நீளம். தேவைப்பட்டது அதில் பாதியே ஆதலால் மீதத்தைச் சுருட்டி வண்டிக்கு அடியில் வைத்தார்.

பெரியவர் திருநெல்வேலிப் பக்கத்தில் ஒரு மின் ஒப்பந்தக்காரரிடம் முப்பத்தாறு ஆண்டுகள் வயர்மேனாக இருந்தவர். கோயில் திருவிழாக்களுக்கு விளக்கு அமைப்பதே அவருடைய முதன்மையான பணி. பந்தல் கால் நடுவது முதல், தேர் நிலைக்கு வந்து சேர்ந்தபின் வீதியில் மீண்டும் மின்சாரம் விடுவது வரை உடனிருப்பார். பள்ளிப் படிப்பு எட்டாம் வகுப்புதான். மகனோ கணினித் துறையில் உயர்ந்த பதவியில் இருப்பவர். “இந்த ஒயர் தாங்குமா?” என்று தந்தை கேட்டபோது, “இது நம் ஊர் இல்லை அப்பா. இங்கே எல்லாவற்றுக்கும் பாதுகாப்பு வைத்திருக்கிறார்கள். ஏதாவது என்றால் பிரேக்கர் விழுந்துவிடும்” என்று அன்போடுதான் சொன்னார். அன்போடு சொல்லப்பட்டதாலேயே பெரியவரால் மறுமொழி கூற முடியவில்லை. அயல்நாட்டில் பிள்ளைகளின் வீட்டுக்குச் சென்று வந்த முதியோர் பலர் இந்த மௌனத்தை அறிவார்கள்.

அன்றிரவு ஏசி இயங்கத் தொடங்கும்போதெல்லாம் கேம்பரின் விளக்குகள் மங்கின. கம்ப்ரசர் ஏற்றத்தில் பாரம் இழுக்கும் மாடுபோல முனகிற்று. பதினொரு மணியளவில் பெரியவர் இறங்கிச் சென்று கராஜிலிருந்த பிளக்கைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். கை நிற்கவில்லை. வண்டிக்கு அடியிலிருந்த சுருளோ வெந்நீர்ப் பைபோல் கொதித்தது. பிரேக்கர் விழவில்லை. தாமே அதை அணைத்துவிட்டு, உறங்கிக்கொண்டிருந்த மனைவியை எழுப்பி வீட்டுக்குள் அழைத்து வந்தார்.

காலையில் மகன் கேட்ட முதற் கேள்வி, “பிரேக்கர் ஏன் விழவில்லை?” என்பதே. நியாயமான கேள்வி. சுவருக்குள் செல்லும் கம்பியைக் காப்பதற்காக வைக்கப்பட்டது அந்தப் பிரேக்கர். கராஜில் இருந்தது 20 ஆம்பியர் பிரேக்கர். ஆரஞ்சு ஒயரின் பிளக் அருகே ஒட்டியிருந்த சீட்டை மகன் கண்ணாடி போட்டுப் படித்தார். 16 கேஜ், 10 ஆம்பியர் என்று இருந்தது. ஏசி மட்டுமே ஏறக்குறைய 12 ஆம்பியர் இழுக்கும். குளிர்பெட்டியும் பாட்டரியும் சேர்ந்தால் இன்னும் கூடும். ஒயர் தன் வரம்பைக் கடந்து வெந்துகொண்டிருந்தாலும் பிரேக்கரின் பார்வையில் எல்லாம் ஒழுங்காகவே இருக்கும்.

பெரியவர் ஒரு தாளில் கணக்கிட்டுக் காட்டினார். நம் நாட்டில் 230 வோல்ட், அங்கே 120. இங்கே 1,400 வாட் கருவி 6 ஆம்பியர் இழுத்தால் அங்கே அதே கருவி 12 ஆம்பியர் இழுக்கும். மின்னோட்டம் இரு மடங்கானால் கம்பியில் எழும் சூடு நான்கு மடங்கு. ஆகவே அந்த நாட்டில் ஒயருக்கு நம் ஊரைவிட அதிகக் கவனம் வேண்டும். அந்த 100 அடி ஒயரில் 12 ஆம்பியர் ஓடினால் ஏறத்தாழ 10 வோல்ட் வழியிலேயே கரைந்துபோகும். 100 வாட்டுக்கு மேல் வெப்பமாகும். பழைய குண்டு பல்பு ஒன்றைச் சுருளுக்குள் ஏற்றிவைத்ததற்கு ஒப்பு அது. விரித்துப் போட்ட ஒயர் காற்றில் ஆறும். சுருட்டி வைத்தது ஆறாது. வோல்ட் குறைந்தால் கம்ப்ரசர் மோட்டாரும் கூடுதலாக மின்னோட்டம் இழுத்துச் சூடேறும். முனகலின் காரணம் அதுவே.

கடைக்குத் தந்தையும் மகனும் சேர்ந்தே சென்றனர். அங்குள்ள கேஜ் கணக்கில் எண் குறையக் குறையக் கம்பி பருக்கும். புதியவர்கள் இதில் ஏமாறுவதுண்டு. பெரியவருக்கு அது புதிதன்று. 3/22, 3/20 என்று ஒயர் கேட்டு வாங்கிய காலத்திலும் கேஜ் எண் ஏறினால் கம்பி மெலியும். மகன் கையில் எடுத்தது 14 கேஜ். 15 ஆம்பியர் என்று எழுதியிருந்தது, விலையும் குறைவு. பெரியவர் 10 கேஜ் ஒயரைத் தூக்கிப் பார்த்தார். கேம்பருக்கென்றே செய்த 30 ஆம்பியர் ஒயர். தாம்புக்கயிறு போன்ற பருமன், விலையோ பன்மடங்கு. இரண்டு இரவுக்கு இவ்வளவா என்று மகன் தயங்கினார். தயக்கம் தவறன்று, பாட்டரிக்கு மின்னேற்ற மட்டும் என்றால் 14 கேஜே தாராளம். ஏசி ஓட வேண்டும், அதன் கீழே வயது முதிர்ந்தோர் உறங்க வேண்டும் என்பதே கணக்கை மாற்றிற்று. 50 அடி நீளத்தில் 10 கேஜ் வாங்கினார்கள். 12 ஆம்பியருக்கு அதில் இழப்பு ஒரு வோல்ட்டுக்குச் சற்று மேல். வெப்பம் 15 வாட்டைத் தொடாது. வெயிலும் மழையும் தாங்கும் வெளிப்புற ஒயர் என்பதற்கு அடையாளமான எழுத்தும் உறையில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுக்கப்பட்டது.

இதற்கிடையே, நிரந்தரமாகவே ஒரு 30 ஆம்பியர் பாயிண்ட் வைத்துவிடலாமே என்று மகன் மின்பணியாளர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தார். “30 ஆம்பியர் என்றால் 240 வோல்ட்தானே, துணி உலர்த்தும் இயந்திரத்துக்குப் போடுவதுபோல் போட்டுவிடலாம்” என்றார் அவர். அருகில் நின்ற பெரியவர் கையை உயர்த்தித் தடுத்தார். மூன்று முனை கொண்ட கேம்பர் பிளக் 30 ஆம்பியர்தான், ஆனால் 120 வோல்ட். மொத்தம் 3,600 வாட். அதில் 240 வோல்ட் பாய்ந்தால் உள்ளே இருக்கும் கருவிகள் நொடியில் கருகிவிடும். அந்நாட்டில் கேம்பர் வைத்திருப்போரிடையே நன்கறியப்பட்ட விபத்து இது. அந்த வேலை ஊர் திரும்பிய பிறகு, விவரம் அறிந்தவரைக் கொண்டு செய்வதென்று தள்ளி வைக்கப்பட்டது.

மாலையில் பெரியவர் கராஜ் பிரேக்கரை அணைத்து, வேறு எதெல்லாம் நிற்கிறது என்று பார்த்தார். மூலையிலிருந்த உறைபெட்டி நின்றது. அதைச் சமையலறையை ஒட்டிய வேறு பாயிண்டுக்கு மாற்றினார். மின்கசிவு கண்டால் துண்டிக்கும் பொத்தானை அழுத்திச் சோதித்தார். புதிய ஒயரை முழுவதும் விரித்து, கராஜ் கதவு அதை நசுக்காதபடி ஒரு மரத்துண்டை அண்டை கொடுத்தார். கேம்பர் பக்கத்து இணைப்பைக் கவிழ்த்த பூந்தொட்டியின்மேல், மழைநீர் எட்டாத இடத்தில் வைத்தார். ஏசி ஓடும்போது குளிர்பெட்டி எரிவாயுவில் இயங்கும்; வெந்நீர்க் கருவியும் மைக்ரோவேவும் கூடாது. அம்மையார், “விளக்கேற்றலாமா, அதற்கும் ஆம்பியர் உண்டா?” என்று கேட்டார். எரிவாயு உள்ள சிறு அறையில் எண்ணெய் விளக்கு வேண்டாம், படிக்குக் கீழே வாசலில் ஏற்றலாம் என்று பதில் வந்தது. அவ்வாறே ஏற்றினார்.

அன்றிரவு ஏசி முனகவில்லை, விளக்கு மங்கவில்லை. பதினொரு மணிக்குப் பெரியவர் வழக்கம்போல் இறங்கி வந்தபோது கராஜில் வெளிச்சம் தெரிந்தது. மகன் குனிந்து நின்று புறங்கையைப் பிளக்கின்மேல் வைத்திருந்தார்.

“வெதுவெதுப்புத்தான் அப்பா. கை பொறுக்கிறது.”

“ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு தடவை பார்க்கணும்.”

“நான் பார்க்கிறேன். நீங்கள் போய்ப் படுங்கள்.”

பெரியவர் போய்ப் படுத்தார். விடியற்காலையில் அம்மையார் பாலைக் காய்ச்சி, உறை ஊற்றிக் குளிர்பெட்டியின் மேல்தட்டில் வைத்தார். மகன் ஒயரைக் கழற்றி அகன்ற வளையங்களாகச் சுற்றிப் பின்பெட்டியில் போட்டார். ஆறரை மணிக்கு வண்டி வடகிழக்கு நோக்கிப் புறப்பட்டது.